அண்ணாச்சி கணக்கு

காலண்டர் அச்சகத்தில் வேலை பார்க்கிறவர்களுக்குப் புது வருடம் ஆடி 18 அன்றே பிறந்துவிடும். அன்றைக்குத்தான் சிவகாசியில் அடுத்த வருடத்துக் காலண்டர் ஆல்பங்களைப் பூஜையில் வைத்து வெளியிடுவார்கள். அப்புறம் மார்கழி பாதி வரைக்கும் நேரம் காலம் பார்க்க முடியாது. நகைக்கடை, ஜவுளிக்கடை, அரிசி மண்டி, கட்சிக்காரர்கள் என்று ஆர்டர் வந்துகொண்டே இருக்கும். மிஷின் நிற்காது. 2023-இல் அந்த ஓட்டத்தின் நடுவில், புரட்டாசி மாதத்தில், எங்கள் நாலு கலர் மிஷினை ஓட்டிக்கொண்டிருந்த அண்ணாச்சி இறந்துபோனார். வயது 48.

அவர் பெயரை நான் இங்கே போடவில்லை. எழுதலாமா என்று அவர் மனைவியிடம், எங்களுக்கு மதினி, கேட்டபோது, “பேரெல்லாம் வேண்டாம் தம்பி, மத்ததை எழுதுங்க” என்று சொல்லிவிட்டார். எங்களுக்கும் அவர் வெறும் அண்ணாச்சிதான். சம்பளப் பட்டியலைப் பார்க்காத பையன்களுக்கு அவருடைய நிஜப் பெயரே கண்ணீர் அஞ்சலி போஸ்டரைப் பார்த்துத்தான் தெரிந்தது.

நான் அதே அச்சகத்தில் பிளேட் எடுக்கும் பிரிவில் இருக்கிறேன். கம்ப்யூட்டரில் டிசைனை நான்கு நிறமாகப் பிரித்து, நிறத்துக்கு ஒரு அலுமினிய பிளேட் எடுத்துக் கீழே அனுப்புவது என் வேலை. அதை மிஷினில் மாட்டி, கறுப்பு, சயான், மெஜந்தா, மஞ்சள் நான்கையும் ஒன்றன்மேல் ஒன்று பிசகாமல் உட்காரவைப்பது அவர் வேலை. முடியளவு விலகினாலும் சாமிக்கு இரண்டு உதடு வந்துவிடும். தப்பு பிளேட்டிலா மிஷினிலா என்று எங்கள் இருவருக்கும் தினமும் பஞ்சாயத்துதான். பெரும்பாலும் அவர்தான் ஜெயிப்பார். சட்டைப்பையிலிருந்து லென்ஸை எடுத்து, தாளின் ஓரத்தில் இருக்கும் கூட்டல் குறிமேல் வைத்து, “வந்து பாரு” என்பார். அதற்குமேல் வாதம் கிடையாது.

நிறம் பார்க்கும் கண் அவருக்கு. இப்போது அடர்த்தியை அளக்கக் கருவி வந்துவிட்டது, எங்களிடமும் இருக்கிறது. அவர் அதைத் தொடுவதே இல்லை. ஓடுகிற மிஷினின் வாயிலிருந்து ஒரு தாளை உருவி, டேபிள் விளக்கின் கீழே விரித்து, தலையைச் சாய்த்துப் பார்ப்பார். மஞ்சள் ஏறியிருந்தால் “ஏய், முருகனுக்குக் காமாலை வந்துருச்சுடா” என்று கத்துவார். சயான் கூடினால் “கண்ணனுக்கு மூச்சு முட்டுது, கொஞ்சம் குறை.” மெஜந்தா கூடினால் லட்சுமிக்குக் கோபம். கேட்டுச் சிரித்துக்கொண்டே பையன் மை விடும் சாவியைத் திருப்புவான். அந்தப் பேச்சிலேயே ஒருவன் தொழில் படித்துவிடுவான். எத்தனையோ பேர் அப்படித்தான் படித்தார்கள்.

இன்னொன்றைச் சொல்லவேண்டும். சிவகாசிக்குத் தீப்பெட்டியும் பட்டாசும் அச்சும் வந்து ஒட்டிக்கொண்டதற்கு எங்கள் வறண்ட வானமும் ஒரு காரணம். ஈரம் இருந்தால் மருந்தும் காயாது, மையும் காயாது. ஆனால் ஐப்பசியில் நான்கு நாள் விடாமல் பெய்யும் பாருங்கள், அப்போது காகிதம் ஈரத்தை இழுத்து நீளும். காலையில் நாலு கலர் ஓட்டிய தாளின்மேல் சாயந்தரம் ஓட்டுகிற தனி நிறம் உட்காராது. அந்த நாட்களில் அண்ணாச்சி எல்லாருக்கும் முன்னால் வந்துவிடுவார். ரீமைப் பிரித்து, கைப்பிடி அளவு தாளை எடுத்து, இரண்டு பக்கமும் பிடித்து வில்லாக வளைப்பார். பிறகு ஒரு கையைத் தளர்த்துவார். தாள்கள் ஒன்றையொன்று விட்டுப் பிரிந்து நடுவில் காற்று புகும். திருப்பிப் பிடித்து மறுபடியும் வளைப்பார். அடுக்கில் வைத்து, முழங்கையால் ஓரத்தைத் தட்டிச் சமப்படுத்துவார். ஒரு லட்சம் தாள் ஓடவேண்டிய வேலையிலும் இதே பக்குவம்தான். மிஷின் தாளை உறிஞ்சி எடுக்கும் சத்தத்திலேயே இரண்டு தாள் சேர்ந்து போகிறதா என்று சொல்லிவிடுவார். டீ குடித்துக்கொண்டிருக்கும்போது சட்டென்று கிளாஸைக் கீழே வைத்தார் என்றால் உள்ளே டபுள் ஷீட் போயிருக்கிறது என்று அர்த்தம்.

இறந்த விதத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. நாலைந்து நாளாக நெஞ்சு எரிகிறது, கேஸ்தான் என்று சொல்லி மாத்திரை போட்டுக்கொண்டிருந்தார். இரவு ஷிப்ட் முடிந்து வீட்டுக்குப் போய்ப் படுத்தவரை விடியற்காலையில் மதினி எழுப்பியபோது எழவில்லை.

துட்டிக்கு மிஷினை நிறுத்திவிட்டு இரண்டு ஷிப்ட் ஆட்களும் போனோம். சீசனில் மிஷினை நிறுத்துவது எவ்வளவு பெரிய மரியாதை என்று அச்சுத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். முதலாளியே சுவிட்சை அணைத்தார் என்று சொன்னார்கள். மற்ற அச்சகங்களிலிருந்தும் அவரிடம் தொழில் படித்தவர்கள் வந்திருந்தார்கள். ஆளுக்கு ஒரு நாள் சம்பளம் என்று நோட்டுப் போட்டு வசூல் நடந்தது. சனிக்கிழமை சம்பளம் வாங்கிய கையோடு பைண்டிங் பெண்கள்தான் முதலில் வந்து கொடுத்தார்கள். கொடுத்தவர்களில் குறைந்த சம்பளம் அவர்களுக்குத்தான்.

பணம் சேர்ந்ததும் ஒரு சின்னத் தகராறு. உறையைக் கொடுக்கும்போது போட்டோ எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டால் கொடுத்தவர்களுக்குக் கணக்குக் காட்டியதுபோல் இருக்கும் என்றார் ஒருவர். கணக்குக் காட்டவேண்டியது நியாயம்தான், ஆனால் அதற்கு நோட்டில் ஒரு கையெழுத்து போதும். தாலி அறுத்த வீட்டில், கையில் உறையோடு, எங்கே பார்ப்பது என்று தெரியாமல் ஒரு பெண் நிற்கிற படம் எதற்கு? அதுவும் பன்னிரண்டாவது படிக்கிற மகள் இருக்கிற வீடு. அந்தப் பிள்ளையின் கூடப் படிக்கிறவர்கள் போனிலும் அந்தப் படம் வராது என்று என்ன நிச்சயம்? கொஞ்சம் சத்தம் போட்டுத்தான் தடுக்க வேண்டியிருந்தது. அவருக்கு என்மேல் இன்னும் வருத்தம் உண்டு. இருக்கட்டும்.

பதினாறாம் நாள் முடிந்து நாங்கள் மூன்று பேர் போய் உறையைக் கொடுத்தோம். மதினி வாங்கிச் சாமி படத்துக்குக் கீழே வைத்தார். பிறகு கேட்டார்: “இது உங்க எல்லாரோட பாசம், வாங்கிக்கிட்டேன். ஆனா அவரு சம்பாத்தியம்னு ஏதாவது பாக்கி இருக்கா தம்பி? அதை மொதல்ல சொல்லுங்க. அடுத்தவங்க காசுல எத்தனை நாளு ஓட்ட?”

வந்திருந்த மூன்று பேருமே வருடக்கணக்காகச் சம்பளத்தில் பிஎஃப் பிடிக்கப்படுகிறவர்கள். மூன்று பேருக்கும் பதில் தெரியவில்லை. ‘பிஎஃப் வரும் மதினி’ என்று பொதுவாகச் சொன்னோம். எவ்வளவு, எப்போது, அதைத் தவிர என்ன என்றால் தெரியாது. மறுநாள் எங்கள் கணக்குப்பிள்ளை அக்காவிடம் போய் உட்கார்ந்தேன். இந்தக் கட்டுரையே அந்த அக்கா சொல்லிக்கொடுத்ததுதான் என்றும் வைத்துக்கொள்ளலாம். நான் எழுதுவதற்குக் காரணமும் அதுதான். செத்த வீட்டுக்கு நாம் கொண்டுபோகிற உறையைவிட, செத்தவர் தன் உழைப்பில் சேர்த்து வைத்திருக்கிற பணம் பல மடங்கு பெரியது. அதைக் கேட்டு வாங்க ஆள் இல்லாததால் அது அப்படியே கிடக்கும். நாங்களும் ஒரு நாள் சம்பளத்தைக் கொடுத்துவிட்டுக் கடமை முடிந்தது என்று இருந்திருப்போம், மதினி அப்படிக் கேட்காவிட்டால்.

அண்ணாச்சியின் காகிதங்கள் ஒரு மஞ்சள் பையில் இருந்தன. ரேஷன் கார்டு, கேஸ் புத்தகம், மகனின் தடுப்பூசி அட்டை, என்றைக்கோ வாங்கிய மிக்ஸியின் பில், எல்லாம் ஒன்றாக. அதில் பேங்க் பாஸ்புக்கும் இருந்தது. அக்கா அதை ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் நிறுத்தினார். மே மாதக் கடைசியில் 436 ரூபாய் பிடித்திருந்தது. “இது பிரதமர் ஜீவன் ஜோதி காப்பீடு. ரெண்டு லட்சம் உண்டு” என்றார். மதினிக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. பேங்கில் யாரோ படிவத்தை நீட்டியபோது அவரும் கையெழுத்துப் போட்டுவிட்டு மறந்திருப்பார். பாஸ்புக்கைத் தூக்கிப் போட்டிருந்தால் அந்த இரண்டு லட்சமும் அதோடு போயிருக்கும். பக்கத்திலேயே வருடம் 20 ரூபாய் பிடிக்கிற விபத்துக் காப்பீடும் இருந்தது. ஆனால் அது விபத்துக்குத்தான், மாரடைப்புக்குக் கிடையாது.

அடுத்து அச்சகத்தின் பக்கம். அண்ணாச்சி 19 வருடம் இங்கே வேலை பார்த்தவர். அவர் வீட்டுத் தொகையை அப்படியே எழுதுவது முறையல்ல, கணக்கு புரிவதற்காக அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து மாதம் 13,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். பணிக்கொடைக்கு, அதாவது கிராஜுவிட்டிக்கு, வருடத்துக்கு 15 நாள் சம்பளம் என்று அதை 26-ஆல் வகுத்து 15-ஆல் பெருக்கவேண்டும். வருடத்துக்கு 7,500, பத்தொன்பது வருடத்துக்கு 1,42,500. இதற்கு ஐந்து வருடம் வேலை பார்த்திருக்கவேண்டும் என்பார்கள். வேலையில் இருக்கும்போதே இறந்துவிட்டால் அந்த ஐந்து வருடக் கணக்குக் கிடையாது. அவர் இறந்தபோது நடப்பில் இருந்த 1972-ஆம் வருடச் சட்டத்திலேயே அப்படித்தான் இருந்தது. இரண்டு வருடம் வேலை பார்த்து இறந்த பையனின் அம்மாவுக்கும் அது உண்டு. ‘அஞ்சு வருசம் ஆகலையே’ என்ற ஒரு வார்த்தையில் எத்தனை வீடுகள் திரும்பிப் போயிருக்குமோ.

பிஎஃப் சேமிப்பு தனி. அதில் நடுவில் தங்கச்சி கல்யாணத்துக்காகக் கொஞ்சம் எடுத்திருந்தார், அதனால் பெரிதாக இல்லை. ஆனால் பிஎஃப் உறுப்பினர் வேலையில் இருக்கும்போது இறந்தால் அதோடு இணைந்த காப்பீடு ஒன்று உண்டு, இடிஎல்ஐ என்று பெயர். அதற்குத் தொழிலாளி ஒரு பைசா கட்டுவதில்லை, முதலாளிதான் கட்டுகிறார். சம்பளச் சீட்டில் பிடித்தமாக வராததால் தொழிலாளிக்குத் தெரிவதும் இல்லை. கடைசிப் பன்னிரண்டு மாதச் சராசரிச் சம்பளத்தைப்போல் 35 மடங்கு, அதோடு பிஎஃப் இருப்பின் சராசரியில் பாதி. சம்பளத்துக்கு 15,000 வரை, பாதி இருப்புக்கு 1,75,000 வரை என்று உச்சவரம்பு வைத்து, மொத்தம் அதிகபட்சம் 7 லட்சம். 13,000 சம்பளக்காரருக்கு முதல் பகுதியே 4,55,000 வருகிறது. அக்கா கால்குலேட்டரில் தட்டிக் காட்டியபோது நான் இன்னொரு தடவை தட்டச் சொன்னேன்.

அப்புறம் பிஎஃப்போடு சேர்ந்த ஓய்வூதியம். ஒரு மாதம் சந்தா கட்டியிருந்தாலே போதும், வேலையில் இருக்கும்போது இறந்தவரின் மனைவிக்கு மாதாமாதம் வரும். அதில் நான்கில் ஒரு பங்கு ஒவ்வொரு பிள்ளைக்கும், இரண்டு பிள்ளைகள் வரை, 25 வயது ஆகும்வரை தனியாக உண்டு. இஎஸ்ஐ என்கிற தொழிலாளர் காப்பீட்டில் ஈமச் சடங்குக்கு 15,000. எடுக்காத விடுப்புக்குச் சம்பளம். அந்தத் தீபாவளிக்கு உரிய போனஸ். அதோடு முடியவில்லை. ஏப்ரலிலிருந்து புரட்டாசி வரைக்கும் அவர் உழைத்திருக்கிறாரே, அதற்கான போனஸ் அடுத்த தீபாவளிக்கு வரும். இதை முதலாளியும் யோசிக்கவில்லை. அக்காதான் நோட்டில் குறித்து வைத்து, 2024 தீபாவளிப் பட்டியலில் இறந்தவர் பெயரையும் சேர்த்தார்.

இதெல்லாம் எங்கள் அச்சகத்தில் ஒழுங்காகப் பிஎஃப் கட்டியதால் வந்தது. எல்லா இடத்திலும் அப்படி இல்லை. கையில் வாங்குவது ஒரு தொகை, சீட்டில் காட்டுவது வேறு தொகை என்பது இந்தத் தொழிலில் மட்டும் இல்லை, ஊர் முழுக்க உண்டு. முதலாளிக்குச் செலவு குறைவு. தொழிலாளிக்கும் அந்தச் சனிக்கிழமை கையில் நூறு இருநூறு கூட வரும். “எனக்குப் பிடித்தம் வேண்டாம்ணே, கையில குடுத்துருங்க” என்று கேட்கிறவர்களை நானே பார்த்திருக்கிறேன். சீட்டில் 7,000 என்று இருந்தால் மேலே சொன்ன எல்லாக் கணக்கும் அந்த 7,000-த்தை வைத்துத்தான். 35 மடங்கு, 15 நாள் சம்பளம், ஓய்வூதியம் எல்லாமே அதைப் பார்த்துத்தான் சுருங்கும். வாரம் இருநூறு ரூபாய் கூட வாங்கியவனின் மனைவிக்கு அது கடைசியில் எத்தனை லட்சம் என்று யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை.

காகித வேலை பல மாதம் இழுத்தது. இறப்பை 21 நாளுக்குள் பதிவு செய்தால் கட்டணம் கிடையாது, அதை மதினியின் தம்பி உடனே முடித்துவிட்டார். வாரிசுச் சான்றிதழுக்கு இ-சேவையில் விண்ணப்பித்து, விஏஓ, ஆர்ஐ விசாரணை முடிந்து, தாசில்தார் கையெழுத்தாகி வந்தது. அதில் அண்ணாச்சியின் அம்மா பெயரும் இருக்கவேண்டும். மகன் இறந்தால் மனைவி, பிள்ளைகளோடு தாயும் முதல் நிலை வாரிசு. 1956 இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அப்பாவுக்குக்கூட அந்த இடம் இல்லை, அம்மாவுக்கு உண்டு.

இந்த இடத்தில்தான் பிரச்சினை வந்தது. அண்ணாச்சி வேலைக்குச் சேர்ந்தபோது கல்யாணம் ஆகவில்லை. பிஎஃப் படிவத்தில் நாமினியாக அம்மா பெயரைத்தான் எழுதியிருந்தார். மறுவருடம் கல்யாணம், அப்புறம் இரண்டு பிள்ளைகள். படிவத்தை மாற்றவே இல்லை. யார்தான் மாற்றுகிறோம்? சாத்தூர்ப் பக்கம் கிராமத்தில் சின்ன மகனோடு இருக்கும் அந்த அம்மாவிடம், ‘நாமினி நீதான், மொத்தப் பணமும் உனக்குத்தான்’ என்று யாரோ சொல்லிவிட்டார்கள். பேச்சு தடித்து, மாமியார் வீட்டிலிருந்து போன் வருவது நின்றது. கல்யாணத்துக்கு முன் எழுதிய பிஎஃப் நாமினி, கல்யாணம் ஆனதுமே செல்லாது. புதிதாக எழுதவேண்டும் என்று திட்டத்திலேயே இருக்கிறது. அப்படி எழுதாதபோது பிஎஃப் தொகை குடும்பத்தாருக்குச் சம பங்காகப் போகும், அவரை நம்பி இருந்த தாயும் அதில் ஒருவர். ஆக மொத்தமும் அம்மாவுக்கு என்பதும் தப்பு, அம்மாவுக்கு ஒன்றுமே இல்லை என்பதும் தப்பு.

இதைப் போனில் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்காவும் நானும் மதினியோடு பஸ் ஏறி நேரே போனோம். அந்தம்மா திண்ணையில் உட்கார்ந்திருந்தார், எங்களைப் பார்த்து எழவில்லை. அக்கா பக்கத்தில் உட்கார்ந்து பொறுமையாகச் சொன்னார். கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, “எம் மாத்திரைக்கு அவன்தான் மாசம் ஆயிரம் அனுப்புவான், இனிமே யாரு?” என்றார். மதினி, “அத்தைக்கு உள்ளது அத்தைக்கு. கையெழுத்துப் போடுங்க, நான் எங்கயும் ஓடிற மாட்டேன்” என்று சொன்னார். அழுகையோ கட்டிப்பிடித்தலோ நடக்கவில்லை. சோறு போட்டார்கள், சாப்பிட்டுவிட்டு வந்தோம். இப்போது மாதம் ஆயிரம் மதினி அனுப்புகிறார் என்று தெரியும். அவர்களுக்குள் பேச்சுவார்த்தை எப்படி என்று நான் கேட்டதில்லை.

ஆதாரிலும் பிஎஃப் கணக்கிலும் பெயரில் ஓரெழுத்து வேறாக இருந்ததால் விண்ணப்பம் ஒருமுறை திரும்பி வந்தது. அதைத் திருத்தக் கம்பெனியும் வாரிசும் சேர்ந்து உறுதிமொழிப் படிவம் கொடுக்கவேண்டும். உயிரோடு இருக்கும்போது பத்து நிமிட வேலை, ஆள் இல்லாதபோது மாதக் கணக்கு.

அவர் கொடுக்கவேண்டிய கடனும் இருந்தது. ஒருவர் காரியம் முடியுமுன்பே வட்டிக் கணக்கோடு வாசலில் வந்து நின்றார். இறந்தவர் விட்டுப்போன சொத்தின் அளவுக்குத்தான் வாரிசுகள் அவருடைய கடனுக்குப் பொறுப்பு, சொந்த உழைப்பிலிருந்து கட்டவேண்டியதில்லை. பத்திரம் இருந்தால் கொண்டுவாருங்கள் என்றோம். அவர் பிறகு வரவில்லை. அதே சமயம், அண்ணாச்சி கொடுத்து வைத்த கடனும் இருந்தது, எழுத்து எதுவும் இல்லாமல். பையன்களுக்கு ஐநூறு, ஆயிரம் என்று கொடுத்துக்கொண்டே இருப்பார், திருப்பிக் கேட்கமாட்டார். இரண்டு பேர் தாங்களாக வந்து மதினியிடம் கொடுத்தார்கள். கொடுக்காத ஒருவரையும் எனக்குத் தெரியும். தினமும் பார்க்கிறேன்.

பணம் வரத் தொடங்கியதும் வேறு கூட்டம் வந்தது. ஏலச்சீட்டு நடத்துகிறவர், பாலிசி போடச் சொல்கிறவர், இடம் வாங்கிப் போடுங்கள் என்கிறவர், மூன்று மாதத்தில் திருப்பித் தருகிறேன் என்கிற தூரத்துச் சொந்தம். “அவரு இருந்தப்ப எனக்கு ஒரு தம்பிதான். இப்ப ஊரெல்லாம் தம்பியா இருக்காங்க” என்றார் மதினி, சிரித்துக்கொண்டே. நாங்களும் அந்தத் தம்பிகளில் சேர்த்திதானே என்று எனக்குச் சுருக்கென்றது. அதனால் எங்கே போடுவது என்பதில் நாங்கள் வாயைத் திறக்கவில்லை. எந்த இடத்தில் என்ன வட்டி, எப்போது எடுக்கலாம் என்று மட்டும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தோம். அவரும் மகளும் சேர்ந்து முடிவு செய்து தபால் ஆபீஸ் மாத வருமானத் திட்டத்தில் போட்டார்கள். தனிநபர் 9 லட்சம் வரை போடலாம், ஐந்து வருடம், அப்போது வட்டி 7.4 சதவீதம். ஓய்வூதியத்தோடு அந்த வட்டியும் சேர்ந்தால் வீட்டு வாடகையும் அரிசி பருப்பும் ஓடும்.

முதலாளி பைண்டிங் பிரிவில் வேலை தருவதாகச் சொன்னார், நல்ல மனதோடுதான். மதினி வரவில்லை. “அவரு மிஷின் சத்தத்தைக் கேட்டுக்கிட்டு எப்படித் தம்பி உக்காந்து காலண்டருக்கு டின் பட்டை அடிப்பேன்?” என்று கேட்டார். இன்னொரு தெருவில் நோட்டுப் புத்தகம் தைக்கிற இடத்தில் சேர்ந்தார். கூலி கொஞ்சம் குறைவு. முதலாளிக்குக் கொஞ்ச நாள் முகம் சுருங்கித்தான் இருந்தது. உதவி செய்கிறவர்களுக்கு இது ஒரு வியாதி, கொடுத்ததை மறுத்தால் கோபம் வரும். மதினிக்கு அப்போது தேவைப்பட்டது அந்தச் சத்தம் கேட்காத இடம், அவ்வளவுதான்.

மகள் பன்னிரண்டாவது முடித்தாள். அரசுப் பள்ளியில் ஆறிலிருந்து படித்தவள் என்பதால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 வருகிறது, பி.காம் படிக்கிறாள். மகன் எட்டாவதுக்கு வந்துவிட்டான். லீவு நாளில் அச்சகத்துக்கு வந்து பிளேட் எடுப்பதை வேடிக்கை பார்ப்பான். கூட்டிவராதீர்கள் என்று மதினி சொல்லியிருக்கிறார், அவன் தானாக வருகிறான்.

அண்ணாச்சியிடம் ஒரு பழைய டைரி இருந்தது. நான்கு நிறத்தில் வராத தனி நிறங்களுக்கு எந்த மையை எவ்வளவு கலக்கவேண்டும் என்று வருடக்கணக்காக எழுதி வைத்தது. அதில் நிறங்களுக்கு அவர் வைத்த பெயர்கள்தான் இருக்கும். ‘கூரைப்புடவைச் சிவப்பு’, ‘மாரியம்மன் மஞ்சள்’, ‘செட்டியார் கடைப் பச்சை’. பக்கத்தில் கிராம் கணக்கு, ஓரத்தில் விரலால் தேய்த்துப் பார்த்த மைத் தடம். அச்சகத்துக்கு அது பொக்கிஷம். முதலாளி அது கம்பெனிச் சொத்து என்று நினைத்தார், மகள் அப்பாவின் கையெழுத்து என்று கேட்டாள். முழுக்க ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு டைரியை அவளிடம் கொடுத்தோம். ஜெராக்ஸ் கறுப்பு வெள்ளை என்பதால் ஓரத்து மைத் தடம் எதற்கும் பயன்படவில்லை. கிராம் கணக்கை வைத்துக் கலந்து பார்த்தால் செட்டியார் கடைப் பச்சை இன்னும் சரியாக வரவில்லை. போன ஆர்டருக்குப் பையன் மிஷினை நிறுத்திவிட்டு, அவர்கள் வீட்டுக்கே போய் டைரியைப் பார்த்துவிட்டு வந்தான். இப்போது நாலு கலர் மிஷின் அவனிடம்தான். முருகனுக்குக் காமாலை என்று அவனும் கத்துகிறான். புதிதாக வந்த பிள்ளைகள் அது அவன் சொந்தச் சரக்கு என்று நினைக்கிறார்கள்.

2024 ஆடிப் பூஜை முடிந்த கையோடு கணக்குப்பிள்ளை அக்கா ஒரு மேஜையைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, பிஎஃப் இணையதளத்தில் நாமினி பதியவேண்டும், பேங்கில் நாமினி இருக்கிறதா என்று பார்க்கவேண்டும், ஆதாரில் பெயரும் பிறந்த தேதியும் ஒத்துப் போகிறதா என்று சரிபார்க்கவேண்டும். அண்ணாச்சியின் மகளும் கல்லூரி விட்டு வந்து சில நாள் அக்காவுக்கு உதவினாள், கம்ப்யூட்டரில் அவள் கை வேகம். என்னுடையதையும் அவள்தான் பதிந்தாள். ஓடிபி வருகிறவரை காத்திருக்கும்போது, “மாமா, போட்டோல சிரிங்க, ரொம்ப முறைக்கிறீங்க” என்றாள்.

பெரும்பாலானவர்கள் முடித்துவிட்டோம். பைண்டிங்கில் சிலருக்கு ஆதாரோடு போன் நம்பர் இணையவில்லை, அதை முதலில் சரிசெய்யவேண்டும். ஒருவர் மட்டும், பெண்டாட்டியோடு சண்டை, அவள் பெயரைப் போடமாட்டேன் என்று நிற்கிறார். அக்கா விடுவதாக இல்லை. சண்டை தீர்ந்தால் வா, தீராவிட்டாலும் அடுத்த சனிக்கிழமை சம்பளம் வாங்க என் மேஜைக்குத்தான் வரவேண்டும் என்று சொல்லியிருக்கிறார்.